லூர்து மேரியின் பன்னிரண்டு ஷீட்

1968 ஏப்ரல் 14: தகர ஷீட் 12, ரூ. 180.
1969 மே 2: வெளியே 5.
1971 ஜூன் 30: வெளியே 12.
1971 செப்டம்பர் 26: வந்தது 13.

கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஒழுகும் கீற்றை மாற்றத்தான் லூர்து மேரியும் கணவன் சவரியும் அந்த ஷீட்டுகளை வாங்கினார்கள். ஆசாரி வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் வந்துவிட்டான்.

"அக்கா, பொண்ணு கல்யாணம். சமையலுக்கு மறைப்பு வேணும். நாலு ஷீட்டு குடுங்க."

கொடுத்தாள். கல்யாணம் முடிந்ததும் அவற்றின் மேல் எதிர்வீட்டு மாதம்மாள் புளி காயவைத்தாள். பிறகு வாய்க்கால் உடைப்பை அடைத்தார்கள், ஆட்டுப்பட்டிக்குக் கதவு வைத்தார்கள். தெருக்கூத்தில் ஒரு ஷீட்டை இருவர் பிடித்து உலுக்கி இடி இடிக்க வைத்தார்கள். ஷீட் என்றால் அந்த ஊரில் எல்லாமாகவும் இருந்தது, கூரையைத் தவிர.

எடுப்பவர் அவள் வீட்டு வெளிச்சுவரில் கரியால் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிவிட்டுப் போவது வழக்கம். கைமாறினால் பழைய பெயரை அழித்துப் புதிதாக எழுதுவார்கள்.

எழுபத்தொன்றில் மகள் ராஜமேரி தலைப்பிரசவத்துக்கு வருவதாகக் கடிதம் எழுதினாள்.

"ஐப்பசி மழைக்குள்ள ஷீட்டு போட்டுடணுங்க. பச்சப்புள்ள மேல சொட்டக் கூடாது" என்றாள் லூர்து மேரி.

மகள் வருகிறாளே என்று வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தாள். உள்ளே முடித்த உற்சாகத்தில் வெளிச்சுவரையும் விடவில்லை. சவரி காட்டு வேலை முடிந்து வந்து பார்த்தான்.

"சுவரு பளபளன்னு இருக்குது. ஷீட்டு எல்லாம் ஆரு வூட்ல இருக்குது, அதச் சொல்லு."

சுண்ணாம்பு மட்டையோடு லூர்து மேரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கிணற்றடியில் மாதம்மாளிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

"கணக்குக்கே வெள்ளையடிச்சிட்டியாடி மேரி!" என்று மாதம்மாள் சிரித்த சிரிப்பில் குடத்துத் தண்ணீர் பாதி கொட்டியது. ஆனால் உச்சிப்பொழுதுக்குள் ஊருக்கெல்லாம் சொல்லி முடித்தவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷீட்டுகள் வந்தன. சில தலைச்சுமையாக, சில மாட்டுவண்டியில். ஒன்றின் பின்னால் ஆடுகளும் வந்தன. சவரி இரண்டு முறை எண்ணினான். பதின்மூன்று. அதிகப்படி ஒன்று யாருடையது என்று கேட்டால், என்னுதில்லை என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள்.

"மூணு வருசம் மேஞ்சிருக்குதுங்கக்கா, குட்டி போட்டுருச்சு" என்றான் பச்சியப்பன்.

பன்னிரண்டு கூரைக்கு ஏறின, மிச்சம் ஒன்று வாசலுக்கு. அக்டோபர் 21 அன்று பேத்தி பிறந்தாள். அன்று மழை தகரத்தில் கூத்து இடியைவிடப் பலமாக இடித்தது. குழந்தை விழிக்கவேயில்லை. லூர்து மேரி தூளிக்கு அடியில் தரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஈரமே இல்லை.

பிறகு ஒரு நாள், ஊரைவிட்டுப் பென்னாகரத்துக்குக் குடிபோயிருந்த அர்ச்சுனனிடமிருந்து கடிதம் வந்தது. "அக்கா, உங்கள் ஷீட் ஒன்று என் கோழிக்கூண்டின் மேல் இருக்கிறது. சுவரில் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன்."

"அப்ப வந்த பதிமூணுல ரெண்டு ஆருதுடி?" என்றான் சவரி.

"கேக்கறவங்களுக்குத் தரலாங்க. கோழி நனைய வேணாம், அங்கியே இருக்கட்டும்னு எழுதிடுங்க" என்றபடி அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்து வந்து, வெள்ளைச் சுவரில் முதல் வரியாக எழுதினாள்: அர்ச்சுனன், 1.

ஷீட் பற்றி வந்த கடைசிக் கடிதம் அதுதான். வந்த தேதி 1971 டிசம்பர் 6.