தறி செட்டு அணியும் என் வினாடி வினாவும்

எண்பத்தொன்பதாம் வருஷம், காணும் பொங்கலன்று பிற்பகல். அருப்புக்கோட்டையில் எங்கள் பகுதி இளைஞர் மன்றம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு வினாடி வினா நடத்தியது. கேள்வி கேட்டவன் நான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, டியூஷன் சென்டர் வைத்திருந்தேன். ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், டியூஷன் சாரிடம் போய்க் கேள் என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம்.

கணக்குப் புதிர், பொது அறிவு, விளையாட்டு, சினிமா என்று நாலு வகைக் கேள்விகளையும் ஒரு மாதம் உட்கார்ந்து தயாரித்தேன். துணிக்கடை அட்டைப் பெட்டிகளை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மேலே கேள்வி, கீழே பொடி எழுத்தில் விடை. எல்லாவற்றையும் கலந்து ஒரு வாளியில் போட்டுவிடுவோம். போட்டியாளர் கையை விட்டு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுக்க வேண்டும். கணக்கில் புலியாக இருப்பவருக்கு சினிமா வரும், சினிமாப் பைத்தியத்துக்குக் கணக்கு வரும். அதுதான் வேடிக்கையே.

அணிக்கு இரண்டு பேர். வங்கி ஊழியர்கள், வாத்தியார்கள், கல்லூரிப் பையன்கள் என்று பெயர் கொடுத்தார்கள். கடைசி நாளன்று விசைத்தறிக் கொட்டகையில், எங்கள் ஊர்ப் பேச்சில் தறி செட்டில், வேலை பார்க்கும் ஒருவர் தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். எட்டு வருஷமாக அவரும் அதே செட்டில்தான் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு என் மனசுக்குள் 'அவள்' என்றுதான் நினைத்திருப்பேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது.

முதல் பரிசு தையல் மிஷின்தானே, மாற்றிவிட மாட்டீர்களே என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த மிஷின் அது. தங்கைக்குப் பஞ்சுத் தூசியால் இளைப்பு வந்துவிட்டது, இனிமேல் செட்டுக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டோடு உட்கார்ந்து தைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே பெயரை எழுதினேன். தறி ஓட்டுகிறவர்கள் வங்கிக்காரர்களை ஜெயித்து மிஷின் வாங்கப் போகிறார்களாக்கும் என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம்.

போட்டி ஆரம்பித்து அரை மணி நேரத்தில் அந்த இளக்காரம் காணாமல் போனது. முப்பது அடிக் கிணற்றில் ஒரு தவளை பகலில் மூன்று அடி ஏறுகிறது, இரவில் இரண்டு அடி வழுக்குகிறது, எத்தனையாவது நாள் வெளியே வரும் என்று கேட்டேன். நம்ம பக்கத்துக் கிணத்துல தண்ணியே கிடையாது, தவளைக்கு எங்க போறது என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. வாத்தியார் அணி முப்பது என்றது. அந்தப் பெண் எழுந்து இருபத்தெட்டு என்றார். இருபத்தேழு நாளில் இருபத்தேழு அடி, மறுநாள் மூன்று அடி ஏறினால் வெளியே வந்துவிடும், அப்புறம் எங்கே வழுக்குவது என்று விளக்கமும் சொன்னார். வாத்தியார்கள் மேலே பந்தலைப் பார்த்தார்கள்.

சுற்றுக்குச் சுற்று தறி அணி முன்னேறிக்கொண்டே வந்தது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. நான் கேள்வி கேட்டு முடித்ததும் அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் அண்ணன் முகத்தைப் பார்ப்பார். அண்ணனின் உதடுகள் சத்தமில்லாமல் அசையும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய செட்டுப் பெண்களின் உதடுகளும் அதேபோல் அசையும். அதற்குப் பிறகுதான் விடை வரும். கூட்டத்திலிருந்து விடை கைமாறுகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கடைசிச் சுற்று வந்தது. அணிக்கு ஒருவர் மட்டும் தனியாக மேடை நடுவில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்விக்குப் பத்து மதிப்பெண். வங்கி அணி முடித்துவிட்டது. தறி அணி அவர்களைவிட ஐந்தே மதிப்பெண்தான் பின்தங்கியிருந்தது. இரண்டில் ஒன்றைச் சரியாகச் சொன்னாலே மிஷின் அவர்களுக்குத்தான்.

அந்தப் பெண் வந்து உட்கார்ந்ததும் நான் மைக்கில், கூட்டத்திலிருந்து இந்த அணிக்கு விடை வருகிறது, அதனால் இவர் நாற்காலியைத் திருப்பிக் கூட்டத்துக்கு முதுகு காட்டி என்னைப் பார்த்து உட்காரட்டும் என்று அறிவித்தேன். அண்ணன் ஏதோ சொல்ல எழுந்தார், அவரையும் உட்காரச் சொன்னேன். என் கைச்சாடையைப் பார்த்து அந்தப் பெண் தானே நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் அட்டை கணக்குப் புதிர். ஒன்றிலிருந்து நூறு வரை எழுதினால் ஒன்பது என்ற இலக்கம் எத்தனை தடவை வரும்? அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். விரல்கள் மடங்க ஆரம்பித்தன. திடீரென்று விரல்கள் நின்றுவிட்டன. பாஸ் என்றார். கூட்டம் 'ச்சே' என்றது. இரண்டாவது பொது அறிவு: மனித உடலில் மொத்தம் எத்தனை எலும்புகள்? இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் பாஸ்.

எனக்கு என்ன வந்ததோ, மைக்கில் சொன்னேன்: "பாத்தீங்களா, கூட்டத்தை மறைச்சதும் விடையும் மறைஞ்சு போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வாங்கியவன் நான்தான். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

வங்கி அணி ஜெயித்ததாக அறிவித்துவிட்டு, பரிசு கொடுக்கிறவர் வரும்வரை மேடைக்குப் பின்னால் டீ குடிக்கப் போனேன். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டு பேசினார்.

"சார், இவளுக்குக் காது மந்தம். எட்டு வருசத் தறிச் சத்தம். செட்டுக்குள்ள ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது, வாயைப் பாத்துத்தான் பேசிக்கிருவோம். உங்க மைக்கு அவளுக்கு ஒரே இரைச்சல். நீங்க முன்னால நின்னு கூட்டத்தைப் பாத்துக் கேக்குறப்ப உங்க வாயும் அவளுக்குத் தெரியாது. நாங்க வாயசைச்சது கேள்வியைச் சொல்ல சார், விடையை இல்ல."

சரி, பிறகு ஏன் இரண்டு கேள்விக்கும் பாஸ் சொன்னார் என்று கேட்டேன். அண்ணன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பெண் என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்ல, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"கேள்வியைக் கேட்டு முடிச்சதும் நீங்க அட்டையில இருக்க விடையை வாய்க்குள்ள ஒரு தடவை படிக்கிறீக சார். நான் எண்ணிக்கிட்டே வந்தேன், முடிக்கிறதுக்குள்ள உங்க வாயில இருபதுன்னு வந்துருச்சு. அதுக்குப் பெறகு நான் எண்ணுனாலும் அது உங்க இருபதுதான."

இரண்டாவது கேள்விக்கு அதனால்தான் முன்கூட்டியே தலையைக் குனிந்துகொண்டாராம். விடையைப் பார்க்காமல் இருப்பதற்காகக் குனிந்ததில் கேள்வியே பாதிதான் விளங்கியதாம். நான் அதை அவமானத்தில் குனிந்த தலை என்று நினைத்திருந்தேன்.

என்னால் நம்ப முடியவில்லை. வேறு பக்கம் திரும்பி, என் அம்மா பிறந்த ஊரின் பெயரைச் சத்தமே வராமல் உதட்டில் மட்டும் சொன்னேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தே, "பந்தல்குடி" என்றார். அப்படியானால் முகத்துக்கு நேரே உட்கார வைத்தபோது என் வாய் அவருக்குத் திறந்த புத்தகம். திருடி என்று சந்தேகப்பட்டு, விடைகள் கிடக்கும் இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறேன். அவரோ தொடவே இல்லை.

அதை மேடையிலேயே சொல்லியிருக்கலாமே, கேள்வியை மாற்றியிருப்பேனே என்றேன்.

"அத்தனை பேருக்கு முன்னால சொன்னா உங்களுக்கு அசிங்கமாப் போயிருமுல்ல சார்."

இதைச் சொன்னது யார்? அத்தனை பேருக்கு முன்னால் நான் யாரை அசிங்கப்படுத்தினேனோ, அவர். டீயைக் கீழே வைத்துவிட்டு நேராக மைக்குக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு புத்தி சொல்லத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கால் போய்விட்டது.

நடந்ததை அப்படியே சொன்னேன். என் சந்தேகம் தப்பு என்றேன், மன்னிப்புக் கேட்டேன். வங்கி அணித் தலைவரிடம், இவருக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா, சரியாகச் சொன்னால் பரிசு இவர்களுக்கு, சம்மதமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர். எழுந்து நின்று, தாராளமா கேளுங்க என்றார். பந்தல் அதிரக் கைதட்டல்.

இந்தத் தடவை நாற்காலியை நானே தூக்கி, கூட்டத்தைப் பார்த்துப் போட்டேன். அந்தப் பெண் வாளியில் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். கணக்காக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு பார்த்தேன். விளையாட்டு. ஒலிம்பிக் கொடியில் எத்தனை வளையங்கள்? மைக்கில் கேட்டுவிட்டு அட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மேடை ஓரத்தில் நின்ற அண்ணன் கேள்வியை உதட்டால் திருப்பிச் சொன்னார். தங்கை புரிந்துகொண்டு தலையாட்டினார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கல்லூரிப் பையன்கள் பக்கமிருந்து முதலில் ஒரு கை உயர்ந்தது. ஐந்து விரலையும் விரித்து. அடுத்து வாத்தியார் ஒருவர் கை. பிறகு செட்டுப் பெண்கள், பொரிகடலை விற்றவர், பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள் என்று பந்தல் முழுக்கக் கைகள். தோற்கப் போகும் வங்கிக்காரரின் மனைவியும் கையை உயர்த்தினார். ஒரு சத்தமில்லை. எல்லாரும் அந்தப் பெண்ணின் பாஷையில் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் தடுத்திருக்க வேண்டும், கேள்வி கேட்பவன் நான். தடுக்கவில்லை. அட்டையில் ஏதோ எழுத்து புரியாதவன்போல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏத்தா, நிமிர்ந்து பாத்துரு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் தலை நிமிரத் தொடங்கியது. முதல் வரிசையில் கைகள் அசைவது ஓரக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். சட்டென்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். காதும் சரியாகக் கேட்காத மனுஷி, கண்ணையும் மூடிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது, அந்த இளைப்பு. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை கண்ணைத் திறக்காமலேயே எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியாது சார்."

பாஸ் என்று சொல்லவில்லை. தெரியாது என்றார். முன்னால் இரண்டு தடவை பாஸ் என்று சொன்னபோது கம்மிய குரல், இப்போது கணீரென்று வந்தது. உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாருக்கும் கைதட்டக்கூடத் தோன்றவில்லை. என் பக்கத்தில் நின்ற மன்றத் தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வங்கிக்காரர் மிஷினை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடச் சொன்னார். அண்ணனுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண் மறுத்துவிட்டார். அடுத்த வருசம் வாரேன் சார், விளையாட்டும் படிச்சிட்டு வாரேன் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, இரண்டாம் பரிசான எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் வினாடி வினா நடக்கவில்லை. மன்றத்தில் பாட்டுக் கச்சேரி வைத்துவிட்டார்கள், நானும் பெரிதாகச் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு செட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றிருக்கிறேன். அப்புறம் காரியாபட்டிப் பக்கம் கல்யாணமாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நான் இன்னும் டியூஷன் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் கேள்விகள் கேட்டிருப்பேன், எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் சரியான விடைகளைக் கேட்டிருப்பேன். அவற்றில் ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை, ஊரே விடையைக் கைநீட்டிக் காட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்ன அந்தத் 'தெரியாது' மட்டும் இன்றைக்கும் என்னை எழுந்து நிற்க வைக்கிறது.