ட்யூப் சுற்றிய பால் ஜாயிண்ட்

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் புதிதாகத் தொழில் கற்பது இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக்கூடாத அவஸ்தை. உடம்பு வளையாது, முட்டி மடங்காது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாக்கும் புரளாது. போதாக்குறைக்குப் பட்டறையில் எல்லோரும் இன்னமும் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். இடது கண் மங்கி, லைசென்ஸ் போய், அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. பெயர் மட்டும் விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பதினோரு வருடம் அவர் ஓட்டிய சின்ன லாரியை இப்போது ஓட்டுகிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அந்த சீட்டை வாங்கிக் கொடுத்ததே டிரைவர்தான். முதலாளியும் பெரிய மனது பண்ணி அவனை வண்டியிலும் இவரைப் பட்டறையிலும் போட்டார். அன்றிலிருந்து டயர் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது, அக்கா கேட்ட ஸ்பானரைத் தவிர மற்ற எல்லா ஸ்பானரையும் எடுத்துக் கொடுப்பது என்று இவருக்குக் காலம் ஓடியது. அக்கா என்பது அங்கே தலைமை மெக்கானிக். வயது முப்பத்திரண்டுதான். ஆனாலும் அந்தப் பட்டறையில் அவளை வேறு மாதிரி கூப்பிடுகிற தைரியசாலி இன்னும் பிறக்கவில்லை.

அன்று காலை அந்தச் சின்ன லாரியே பட்டறைக்கு வந்து நின்றது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தடதடவென்று அடித்தது. முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. அக்கா ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பியால் சக்கரத்தை நெம்பிப் பார்த்தாள். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"ரெண்டு பக்கமும் பால் ஜாயிண்ட் போச்சு. டிரைவரண்ணே, நாலு தடவ கூட இருந்து பாத்துட்டீங்க. இத நீங்களே தனியா பண்ணுங்க."

பால் ஜாயிண்ட் என்றால் பெரிய வஸ்து இல்லை, உள்ளங்கையில் அடங்கும். ஆனால் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் உருண்டை மூட்டு அதுதான். ஓட்டத்தில் அது கழன்றால் சக்கரம் படுத்துவிடும். அப்புறம் உள்ளே இருப்பவன் பிழைப்பது அவன் அதிர்ஷ்டம்.

முதலாளி அங்கேதான் நின்றிருந்தார். மச்சினனும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

"பதினோரு வருஷம் உங்க கையில இருந்துச்சே, இந்த வண்டியப் பத்தி ஒரு புகார் வந்திருக்குமா?" என்று முதலாளி டிரைவரிடம் கேட்டார். "இவன் ஏழே மாசத்துல நாசம் பண்ணிட்டான். மத்தியானம் வந்து பழசக் கழட்டிப் பாக்கறேன். முரட்டுத்தனமா ஓட்டுனதுதான் காரணம்னா, திங்கக்கிழமையிலேருந்து வேற ஆளு."

மச்சினன் கையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்தான். வீட்டில் அவனுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை.

டிரைவர் இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டி வண்டிக்கு அடியில் படுத்தார். நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருந்த பூட்டுக்கம்பி துருவேறி வர மறுத்தது. அதை முறித்து எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. நட்டு அதற்கு மேல் பிடிவாதம். இரும்புக் குழாயை ஸ்பானரில் மாட்டித் தொங்கியபோது கை வழுக்கி, மணிக்கட்டு சேஸிஸில் மோதியது. இந்த வேலையைக் கண்டுபிடித்தவனை மனதுக்குள் வாயார வைதார். எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. வலது கண்ணை மட்டும் வைத்து ஆழம் பார்ப்பதற்குள் தலை வலித்தது.

நட்டு தளர்ந்ததும் மேலே அப்பியிருந்த மண்ணைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட உள்ளே கறுப்பாக ரப்பர் தெரிந்தது. பால் ஜாயிண்டுக்கு வருகிற உறை இல்லை அது. சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி, மூன்று சுற்று சுற்றி, மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தது.

அந்த முறுக்கு அவருடையது.

மூன்று வருடத்துக்கு முன்பு இரண்டு பக்கமும் உறை கிழிந்து கிரீஸ் வழிவதைப் பார்த்தவர் அவர். பட்டறைக்கு விட்டால் வண்டி நாலு நாள் நிற்கும். நாலு நாள் சீட்டை விட்டு இறங்கினால் திரும்ப ஏற்றுவார்களா என்று பயம். கண் அப்போதே மங்க ஆரம்பித்திருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சாலையோரத்தில் படுத்து, ட்யூபைச் சுற்றி, கிரீஸை அப்பி, ஆயிற்று என்று எழுந்து போனார். அப்புறம் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டார். சீட்டைக் கொடுக்கும்போது மச்சினனிடம், "முன்னாடி லேசா அடிக்கும் மாப்ளே, அது அதோட சுபாவம்" என்று சொல்லியும் விட்டார். பாவி மனுஷன், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ட்யூபை அறுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? கத்தி பக்கத்திலேயே கிடந்தது. அவர் கத்தியை எடுத்தும்விட்டார். அதற்குள் அக்காவின் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது. குனிந்து பார்த்தாள்.

"எந்தப் புத்திசாலி இப்படிக் கட்டு போட்டது? தண்ணியும் மணலும் உள்ள போனா வெளிய வர வழியே இல்ல. அதுதான் உக்காந்து தின்னிருக்கு." கழற்றி வாங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் முதலாளி வந்தபோது அந்தப் பால் ஜாயிண்ட் மேஜைமேல் இருந்தது. ட்யூபைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். "சொல்லாம கொள்ளாம ஒட்டுவேல வேறயா?"

"நான் அதத் தொடவே இல்லீங்க" என்றான் மச்சினன். சொன்னவன் கம்பியின் முறுக்கைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தான். அவன் வீட்டுத் துணிக்கொடிக் கம்பியை இப்படியே முறுக்கிக் கட்டிக் கொடுத்ததும் இதே கைதான்.

"பொய் வேறயா. போ, சாவியக் குடுத்துட்டுப் போ."

மச்சினன் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"நான்தாங்க" என்றார் டிரைவர். செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "நான்தாங்க கட்டுனேன். மூணு வருஷம் ஆச்சு. அவனுக்கு இது ஒண்ணும் தெரியாது."

முதலாளி பால் ஜாயிண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வலதுபக்கமும் இதே லட்சணமா?"

"ஆமாங்க."

"அக்கா, ரெண்டையும் இவரே மாத்தட்டும். இனிமே நீ பாக்காம இவரு கைபட்ட எந்த வண்டியும் வாசலத் தாண்டக்கூடாது." சாவியை மச்சினன் பக்கம் தள்ளிவிட்டு அவர் போய்விட்டார். இவருக்கு வேலை போகவில்லை. ஆனால் பதினோரு வருட நல்ல பெயர் அரை நிமிடத்தில் போய்விட்டது.

புதியதைப் பொருத்தி முறுக்கும்போது பூட்டுக்கம்பி போகும் ஓட்டை நேருக்கு வரவில்லை. களைப்பில் நட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்தப் போனார்.

"முன்னாலதான் போகணும், டிரைவரண்ணே. தளத்துனா பிடி போயிரும்" என்றாள் அக்கா, ஏதும் நடக்காத மாதிரி. அவர் பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் முறுக்கினார். வலதுபக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வேலை பார்த்தவரே வண்டியை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையில் சட்டம். ஓட்ட முடியாதவர் பக்கத்திலாவது உட்கார வேண்டும். அக்கா கதவைத் திறந்துவிட்டாள். டிரைவர் ஏறினார், மச்சினன் ஓட்டினான். பள்ளங்களில் வண்டி மெத்தென்று இறங்கி ஏறியது.

"மன்னிச்சிரு மாப்ளே" என்றார்.

மச்சினன் கியரை மாற்றினான். "எனக்கு நடந்தது போகட்டும் மாமா. போன மாசம் நீங்கதான் சொன்னீங்க, பஸ் எதுக்கு, நம்ம வண்டியிலேயே போகட்டும்னு. எங்கக்காவையும் உங்க பொண்ணையும் இந்த வண்டியிலதான் மலையேத்தி எறக்கிக் கூட்டிட்டு வந்தேன். வழி பூரா அடிச்சுக்கிட்டே வந்துச்சு. அது அதோட சுபாவம்னு நீங்க சொன்னத நம்பி ஓட்டுனேன்."

அன்று மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தது இந்த சீட்டிலிருந்துதான்.

"நான் எங்கக்காகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றான் மச்சினன். "நீங்களே சொல்லிருங்க. இன்னைக்கே சொல்லிருங்க."

மனைவியிடம் சொல்லப்போவதற்கு முன்னால் முதலாளியிடம் சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று டிரைவருக்கு அப்போதுதான் தெரிந்தது.