நடுத்துண்டில் ஒரு வீடு

வலை தைக்கும்போது லெனாட்டின் ஒரு கையில்தான் ஊசி இருக்கும். மற்றக் கை விரல்கள் தொடையில் சக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கும். வாய், "ரெண்டு, அஞ்சு, ஒண்டு" என்று முணுமுணுக்கும்.

"ரெண்டு எண்டால் வள்ளத்தைத் திருப்பியாச்சு, ஆச்சி. அஞ்சு எண்டால் கரை தெரியுது. ஒண்டு எண்டால் வீடு" என்று பக்கத்து வீட்டுக் கிழவி எனக்கு விளக்குவான்.

ஜாஸ் பாட்டொன்றை இப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறான். மேலே மெட்டு, கீழே கோட் என்ற சுரக்கூட்டங்கள் இரண்டு, ஐந்து, ஒன்று என்ற எண்களோடு ஒன்றன்பின் ஒன்றாக நகரும். மெட்டை ஒருதரம் ஊதிவிட்டு, பிறகு அந்தக் கோட்டுகளுக்குப் பொருந்த, அந்த நேரத்திலேயே புதிதாக ஊதவேண்டுமாம். கோயில் பாண்ட் குழுவில் எழுதினதை ஊதிப் பழகிய குருநகர்ப் பிள்ளைக்கு இது லேசான வேலையா?

போன சனிக்கிழமை ஹொட்டலில் ஜாஸ் குழுவோடு ஊதும்போது பிழைவிட்டான். பாட்டின் நடுத்துண்டு வேறு சுருதிக்குப் போகும். அங்கேயும் இரண்டு, ஐந்து, ஒன்று உண்டு. ஆனால் வீடு வேறு. இவனோ பழைய வீட்டுக்கே ஓடிவந்தான். பியானோ வாசிக்கும் கேதீஸ்வரன் சொல்லிவிட்டார்: "இந்தச் சனியும் பிழைச்சால், நீர் மெட்டை மட்டும் ஊதும்."

அன்றிலிருந்து மனைவி யசிந்தா கீபோட்டில் கோட் பிடிக்க, இவன் ஊதுகிறான். வேலிக்கு இந்தப்பக்கம் நான் கீரை ஆய்கிறேன்.

"என்னப்பா, திரும்பவும் வீட்டை ஓடி வாறியள்? சோறு இன்னும் வேகேல்லை!"

"பயத்திலை காது பழசைத்தான் தேடுது."

"ரெண்டிலை ஏழாம் சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் அஞ்சுக்குப் போகேக்கை அரைச்சுரம் இறக்குங்கோ. அது அஞ்சின்ரை மூண்டாம் சுரம். பாதை அதுதான்."

"இது பாட்டோ, கணக்கோ?" என்றேன்.

"ரெண்டும் பிழைக்குது, ஆச்சி" என்றான் லெனாட்.

பிழைத்ததாக எனக்குத் தெரியவில்லை. போன முறை ஊதியதும் வடிவுதான் என்றேன்; இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அவர்கள் கேட்டால்தானே!

நேற்றுப் பின்னேரம் யசிந்தா, "இனி நான் வாசிக்கமாட்டன். கோட்டை நீங்களே மனசிலை கேளுங்கோ" என்று இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். வேலியிலிருந்த பொட்டு ஓட்டையால் பார்த்தேன். லெனாட் கண்ணை மூடினான். நடுத்துண்டு வந்தது. ஒரே சுரத்தில் நின்றான். ஓடவில்லை. பிறகு ஒரு விரல் மட்டும் அசைந்தது. சுரம் மெல்ல இறங்கியது. அங்கிருந்து புது வீட்டு முற்றம்வரை ஊதிக்கொண்டு போனான்.

யசிந்தாவின் ஒரு கை வெளியே வந்து, அந்த வீட்டின் கோட்டை மெதுவாக அமத்திப் பார்த்தது. அவன் ஊதிய சுரத்தோடு சேர்ந்தது. அவன் கண் திறக்குமுன் கையை மறுபடி தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.