மூன்றாவது கொம்பு

ஞானாம்பாளுக்கு ஐம்பத்தாறு வயது. குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. அவளும் தங்கை மிருதுளாவும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்தார்கள். நாற்பத்தாறாவது வயதில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மிருதுளா ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு நாக்பூருக்குப் போய்விட்டாள். போகும்போது தன் கேமராவை விட்டுப்போனாள்.

"நீயே வெச்சுக்கோக்கா. அவர்கிட்ட இதைவிட நல்லது இருக்கு."

ஆறு மாதம் அது பீரோவிலேயே கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் பால்கனித் தொட்டியில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பைச் சும்மா எடுத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது எறும்பின் முகத்தில் முடி இருந்தது. அன்று மதியம் அவள் சாப்பிட மறந்துபோனாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஏரிக்கரைதான். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையம் ஒன்று வாங்கிக்கொண்டாள். செடிக்குள் முகத்தை நுழைத்தபடி முட்டி போட்டு உட்கார்ந்திருப்பாள். குப்பை வண்டியோடு வரும் எல்லம்மா முதல்நாள் பயந்துபோய் ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, கம்மல் எதுனா வுழுந்துடுச்சா? இரு, நானும் தேட்றேன்."

"ஒண்ணும் விழலம்மா. பூச்சி பாக்கறேன்."

"பூச்சியா!" என்று எல்லம்மா சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

படம் எடுப்பதில் சிரமம் இல்லை, பிறகுதான் சிரமம். அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் கண் தெளிவாக இருக்கும், கால் மங்கிவிடும். அதனால் தெளிவு விழும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து, அத்தனையையும் மென்பொருளிடம் கொடுத்து ஒன்றாக இணைக்க வேண்டும். அவளுடைய பழைய லேப்டாப் தொண்ணூறு சதவீதம்வரை போய் அப்படியே நின்றுவிடும். அப்டேட் வந்தால் நேற்று இருந்த பட்டன் இன்று இருக்காது. "எங்கடா கொண்டுபோய் வெச்ச?" என்று திரையைப் பார்த்துக் கேட்பாள். சில நாட்களில் அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசிய ஒரே வாக்கியம் அதுவாக இருந்தது.

சென்ற ஆகஸ்டில், கரையோர வேலங்கன்றில் ஒரு கொம்புப் பூச்சியை எடுத்தாள். மிளகு அளவுதான் இருக்கும். முதுகில் மாட்டுக்கு இருப்பதுபோல இரண்டு கொம்பு. இருபத்து மூன்று படங்கள். நான்கு முறை நின்றுபோய், ஐந்தாம் முறை இணைந்தது. கூர்மையாக்கும் பட்டனையும் அழுத்தி, பூச்சி ஆர்வலர்களின் முகநூல் குழுவில் போட்டாள்.

மறுநாள் ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், என் பேரு ஷ்யாம்சுந்தர். குழுவுல கேட்டு உங்க நம்பர் வாங்கினேன். பெங்களூர்ல இந்தப் பூச்சிங்கள வெச்சுத்தான் பிஎச்டி பண்றேன். உங்க படத்துல மூணு கொம்பு இருக்கு, கவனிச்சீங்களா?"

அவள் கவனிக்கவில்லை.

"இந்த வகைல மூணு கொம்பு நான் பார்த்ததே இல்ல. புதுசா இருக்கலாம் மேடம். ஞாயித்துக்கிழமை வரேன். இணைக்காத ஒரிஜினல் படங்களையும் அனுப்பி வைங்க."

அந்த வாரம் அவன் தினமும் பேசினான். எந்தச் செடி, எந்தப் பக்கம் வெயில், எறும்பு இருந்ததா என்று கேட்டான். அவள் சொல்லச் சொல்ல மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தான் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்வது அவளுக்குப் புதிது.

வெள்ளிக்கிழமை மாலை, அனுப்புவதற்காக மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் படத்தில் இரண்டு கொம்பு. இரண்டாவதிலும் இரண்டு. பதினான்காவது படத்தில் பூச்சி இலேசாகத் திரும்பியிருந்தது. இடக்கொம்பு நகர்ந்திருந்தது. மென்பொருள் பழைய இடத்துக் கொம்பையும் வைத்துக்கொண்டு, புது இடத்துக் கொம்பையும் சேர்த்துவிட்டது. கூர்மையாக்கியதில் அந்த இல்லாத கொம்புக்கு விளிம்பும் மெல்லிய முடியும்கூட வந்திருந்தன. இருபத்து மூன்று படங்களையும் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு போனைக் கையில் எடுத்து, அவன் பெயர்வரை போய், கீழே வைத்துவிட்டாள். படங்களையும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போய் வெண்டைக்காயும் சேப்பங்கிழங்கும் வாங்கி வந்தாள். வீட்டைத் துடைத்தாள்.

ஞாயிறு காலை ஷ்யாம்சுந்தர் வந்தான். கூடவே ப்ரியா என்று அவன் ஆய்வகத்துப் பெண்ணும் வந்திருந்தாள். மூன்று பேரும் கரை நெடுக வேலங்கன்றுகளைக் கிளை கிளையாகப் பார்த்தார்கள். இரட்டைக் கொம்புப் பூச்சிகள் ஏராளமாகக் கிடைத்தன. ப்ரியா ஒவ்வொன்றையும் லென்ஸ் வழியாகப் பார்த்து, "ஆன்ட்டி, இங்க வாங்க, இது அம்மா, முட்டை மேல உக்காந்திருக்கு பாருங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஞானாம்பாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஷ்யாம்சுந்தர் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை. மூன்று மணி நேரத்தில் வந்த இருவர் முகமும் வெயிலில் கறுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மோர்க்குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணாவது கொம்பு இல்ல தம்பி. பூச்சி அசைஞ்சிருக்கு. சாஃப்ட்வேர் பண்ணின வேலை."

ஷ்யாம்சுந்தர் கை சோற்றிலேயே நின்றது. "எப்பத் தெரிஞ்சுது மேடம்?"

"வெள்ளிக்கிழமை."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே. ராத்திரி முழுக்க பஸ்ல வந்தோம்."

"பண்ணியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

ப்ரியா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மிச்சத்தைச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து, "குழுவுல நீங்களே திருத்தம் போட்டுடுங்க மேடம்," என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. தாம்பரம் போகும் ஆட்டோவில் ஏறுமுன் ப்ரியா மட்டும் திரும்பி, "சாப்பாடு நல்லா இருந்தது ஆன்ட்டி," என்றாள்.

சமைத்ததில் பாதிக்கு மேல் மீந்திருந்தது. செவ்வாய்வரை வந்தது.

அந்த ஞாயிறு மாலையே இருபத்து மூன்று படங்களையும் குழுவில் போட்டு, நடந்ததை எழுதினாள். தெரிந்த பிறகும் இரண்டு நாள் மறைத்ததையும் எழுதினாள். அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. "நன்றி மேடம்" என்று ஷ்யாம்சுந்தர் ஒரு வரி போட்டிருந்தான். அதன்பிறகு அவனிடமிருந்து போன் வரவில்லை. முதல் வாரம் ஆய்வகத்தில் போனை மேஜை மேலேயே வைத்திருந்தாள். பிறகு பையில் போட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மழை விட்டிருந்தது. கரைக்குப் போனாள். முட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு தாய்ப்பூச்சியை ஒரே ஒரு படம் எடுத்தாள். கண் மட்டும் தெளிவாக விழுந்தது. கொம்புகள், கிளை, முட்டை எல்லாம் மங்கல். எதையும் இணைக்காமல், கூர்மையாக்காமல் அப்படியே குழுவில் போட்டாள். ஏழு பேர் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆறாவது பெயர் ப்ரியா.