காலி செய்யாத பாட்டில்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆய்வுக்கூடத்தில் என் வேலை, ஈக்களுக்குச் சமைப்பது.

வீட்டு ஈ இல்லை. பழத்தில் மொய்க்கிற, கடுகளவே உள்ள ஈ. அங்கே ஆராய்ச்சி செய்த அம்மா அவற்றைப் பால் பாட்டில்களில் வளர்த்தார். வெல்லமும் ரவையும் காய்ச்சி, கடல்பாசி சேர்த்து உறைய வைத்தால் அதுதான் ஈக்களுக்குச் சாப்பாடு. பாசி ஜப்பானிலிருந்து வருவது நின்றுவிட்டதால், ராயப்பேட்டையில் ஒரு பாய் கடையில் வாங்குவேன். “நோன்புக்குப் பாசி காய்ச்ச எங்க வீட்லயே கிடைக்கல. உங்க ஈக்கு கேக்குதா நைனா?” என்பார் அவர். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எனக்குப் பேச்சு வராது. கேட்டதற்குத் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரை அதற்குள் அச்சாகியிருந்தது. இரண்டாவதும் நல்லபடியாக வந்தால் வெளிநாட்டில் போய்ப் படிக்க உபகாரச் சம்பளத்துக்குச் சிபாரிசு செய்வதாகப் பெரிய புரொபசர் சொல்லியிருந்தார். அந்த வருஷக் கடைசிக்குள் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

இரண்டாவது கட்டுரை வெயிலைப் பற்றியது. கூரைக்குக் கீழே சூடு அதிகமாக இருக்கும் மேல்தட்டில் சில பாட்டில்களை வைத்திருந்தார். அவற்றில் இருந்தவை எல்லாம் வெள்ளைக் கண் ஈக்கள். அந்தப் பெண் ஈக்களைச் சிவப்புக் கண் ஆண்களோடு சேர்ப்பார். ஒவ்வொரு நாளும் காலையில் நான் அந்தப் பாட்டில்களில் இருக்கும் ஈக்களை எல்லாம் தட்டி வெளியேற்றிவிட வேண்டும். அதன் பிறகு உள்ளே ஒட்டியிருக்கும் கூடுகளிலிருந்து பிறக்கும் பெண் ஈக்களை அம்மா மதியம் வந்து பொறுக்கிக்கொள்வார். ஏன் காலையில் காலி செய்யவேண்டும் என்று நான் கேட்டதில்லை. செய் என்றார், செய்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று விடுமுறை. முதல் நாளே அம்மா சொன்னார்.

“நாளைக்கும் காலையில காலி பண்ணி வச்சிடுப்பா. நான் மதியம் வந்துடறேன்.”

தலையாட்டினேன்.

பூஜையன்று விடிந்ததும் போய், பெருக்கி மெழுகி, மைக்ராஸ்கோப்பைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். லென்ஸ், தூரிகை எல்லாவற்றுக்கும் வைத்தேன். என் பிழைப்பே பாட்டிலில்தான் என்பதால் பாட்டில்களுக்கும் ஒவ்வொரு பொட்டு. கற்பூரம் காட்டிய பிறகுதான் காலி செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. எங்கள் வழக்கம் அது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மதியம் அம்மா வந்தார். மைக்ராஸ்கோப்பைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுக்குமா பொட்டு? நல்லாதான் இருக்கு.” பொட்டை அழிக்காமலே உட்கார்ந்தார். “காலையில காலி பண்ணிட்டல்ல?”

நான் தலையாட்டினேன்.

“இன்னைக்கு நிறைய பொறந்திருக்கே!” என்று சொல்லிக்கொண்டே பொறுக்கினார்.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு பிற்பகல் அம்மா லென்ஸிலிருந்து தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்து, “இங்க வாயேன், வா வா!” என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. லென்ஸுக்குக் கீழே சின்னச் சின்ன வெள்ளைக் கண் ஈக்கள்.

“இதுல இன்னாமா கீது?” என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“அம்மா வெள்ளைக் கண்ணு, அப்பா சிவப்புக் கண்ணுன்னா, பொறக்கற பொண்ணுங்க எல்லாம் சிவப்புக் கண்ணாதான் இருக்கணும். இது பொண்ணு, ஆனா வெள்ளைக் கண்ணு. ஒண்ணு ரெண்டு இல்லப்பா, எத்தனை பாரு! நம்ம ஊரு வெயில் அந்த விதியையே கலைச்சிருக்கு.”

“வேற எப்படியும் வராதாமா?”

“தாய் ஈ முன்னாடியே அந்தப் பாட்டில்ல இருக்கற வெள்ளைக் கண் ஆணோட சேர்ந்திருந்தா வரும். பொறந்து சில மணி நேரத்துல சேர்ந்துடுமே. அதுக்குத்தானே உன்னைக் காலையில காலி பண்ணச் சொல்றது!”

பூஜையன்று காலி செய்யாமல் விட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபின் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் எழுத ஆரம்பித்தார். புரொபசர் வந்து பார்த்துவிட்டு, முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டிவிட்டுப் போனார். நான் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

“அந்தம்மா கேட்டப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? பூம்பூம் மாடு கணக்கா தலைய ஆட்டிக்கினு வந்துட்ட. பொய்யை அச்சடிச்சி சீமைக்கு அனுப்பினாங்கன்னா, நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா யாரு பேரு கெடும்? உன் பேரா?”

நான்காம் நாள் அம்மா தபால் உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். நான் மேல்தட்டுப் பாட்டில்களில் ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். குங்குமப் பொட்டு அதில் இன்னும் இருந்தது.

“என்னப்பா?”

“பூஜையன்னிக்கு இதுங்கள காலி பண்ணலமா. சாமானைத் தொடக்கூடாதுன்னு உட்டுட்டேன். நீங்க கேட்டப்ப தலைய ஆட்டிட்டேன்.”

அவர் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு உறைக்குள் இருந்த காகிதங்களை வெளியே எடுத்து, அவற்றின் மேல் பாட்டிலை வைத்தார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வருவ?”

“ஆறுக்குமா.”

“நானும் வரேன். முதல்லேர்ந்து பண்ணலாம்.”

முதலிலிருந்து செய்தோம். இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காலையில் நான் காலி செய்வதை அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். என்மேல் சந்தேகமா என்று முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அது நியாயம் என்று பட்டது. வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. அதற்குள் சிபாரிசுக்கான நாள் கடந்துவிட்டது. அந்த உபகாரச் சம்பளம் வேறு யாருக்கோ போயிற்று.

கட்டுரை மறு வருஷம் இந்தியப் பத்திரிகை ஒன்றில் வந்தது. மொத்தம் இரண்டு பக்கம். அம்மா பிரதியை என்னிடம் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். ஓர் அட்டவணையில் ஒரு வரிசை முழுக்க, மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தது.

“இது இன்னாமா, எல்லாம் சைபரா கீது?”

“வெள்ளைக் கண் பொண்ணுங்க. அத்தனை சைபரும் நீ போட்டதுப்பா” என்றார்.

அது கேலியா, வருத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அம்மா இன்னும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறார். நானும்தான். ஆயுத பூஜையன்று இப்போது பாட்டில்களைக் காலி செய்த பிறகுதான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கிறேன். மதியம் அவர் வந்து கேட்பதற்கு முன்பே, “காலி பண்ணிட்டேமா” என்று வாய் திறந்து சொல்லிவிடுகிறேன்.