பாட்டுக்குப் போட்ட பூட்டு

போன சனிக்கிழமை சாயங்காலம், மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட மேடை. ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி நிற்கிறோம். பாட்டு வரவில்லை. கையில் இருந்த போன்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல எங்களைப் பார்த்து, "நீங்கள் யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

எதிரே அரங்கம் நிறைய ஜனம்.

எப்படி நேர்ந்தது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

என் குரலைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஏற்கெனவே நிறையப் புலம்பியிருக்கிறேன். இருந்தும் ஆண்டாப் ஹில்லில் உள்ள எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை என்னைப் பாடகர் குழுவில் வைத்திருக்கிறது. ஆல்டோ வரிசை. அதாவது, முன்வரிசைப் பெண்கள் மெட்டைப் பாட, அதற்கு அடியில் வேறொரு இழையைப் பிடித்துக்கொண்டு பாடுகிற வரிசை. தப்பாகப் பாடினாலும் எளிதில் வெளியே தெரியாது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

குழுவின் தலைவர் சாமுவேல் அண்ணன். தாராவியில் தோல் பை செய்கிற பட்டறையில் சூப்பர்வைசர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்கிற பாட்டுப் போட்டிக்கு, வருஷா வருஷம் சொந்தமாக மெட்டுப் போட்டு ஒரு புதுப்பாட்டு எழுதுவார். நல்ல மனிதர். ஒரே ஒரு கவலைதான் அவருக்கு — தன் பாட்டை யாரோ திருடுகிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷப் போட்டியில் எங்களுக்கு முன்னால் மேடை ஏறிய தாராவி சபைக்காரர்கள் பாட ஆரம்பித்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைகள் வேறு. பல்லவியின் மெட்டு மட்டும் அண்ணனுடையது. அடுத்ததாக ஏறி அதையே நாங்கள் பாடியபோது, நாங்கள்தான் காப்பி அடித்தவர்கள் மாதிரி ஆகிவிட்டது.

"நம்மள்ல யாரோ ஜெராக்ஸ வெளிய குடுத்திருக்காவ," என்றார் அண்ணன். அன்றிலிருந்து எங்கள் எல்லோரையும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். ஆல்டோ வரிசையைக் கொஞ்சம் கூடுதலாக.

இந்த வருஷம் ஜெராக்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார். அப்புறம் எதைப் பார்த்துப் பாடுவது?

"போன்ல ஒரு ஆப் பண்ணிரலாம் அங்கிள்," என்றாள் ஷைனி.

ஷைனி என் அக்கா மகள். குழுவில் முன்வரிசைக் குரல். வேலை, பவாயில் ஒரு கம்பெனியில் — வங்கிகளுக்கு மொபைல் ஆப் செய்து கொடுக்கிற இடம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசச் சொன்னால் வெளுத்து வாங்குவாள், ஆனால் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவாள். ஆகையால் அவள் செய்த ஆப்பில் பாட்டு இரண்டு விதமாக இருந்தது. தமிழ் எழுத்தில் ஒன்று, இங்கிலீஷ் எழுத்தில் ஒன்று. வீட்டில் கேட்டுப் பழக, ஒவ்வொரு வரிசைக்கும் அவரவர் இழையைத் தனியாகப் பாடி வைத்த ஆடியோவும் இருந்தது.

செம்பூரில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்துதான் அதைச் செய்தாள். லேப்டாப்பைத் திருப்பி எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினாள்.

"இந்த ஃபைல்தான் மெயின் சித்தி. கலர், எழுத்து சைஸ், லாக்… ஸப் இதுலதான். ஒவ்வொரு ஸ்கிரீனா போய் மாத்த வேண்டாம். இங்க ஒரு தடவை எழுதுனா ஆப் ஃபுல்லா அதான்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒரு ஃபைல் இருந்தால்? 'ஈரத் துண்டைக் கட்டிலில் போடக்கூடாது' என்று ஒரே இடத்தில், ஒரே ஒரு முறை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. கல்யாணமான நாள் முதலாக நான் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் சண்டை நிறத்தில் வந்தது. திரை கறுப்பாக இருந்தால் கண்ணுக்கு நல்லது, பேட்டரிக்கும் நல்லது என்றாள் ஷைனி.

"பாலன் பொறந்ததக் கறுப்புல பாடுறதா? அது துக்கத்துக்குல்லா," என்றார் அண்ணன்.

பாட்டுப் புத்தகம் மாதிரி வெளிர்மஞ்சள் தாளில் மெரூன் எழுத்து என்று முடிவாயிற்று. ஷைனி ஒரு வரியை மாற்றினாள். ஆப் முழுவதும் பாட்டுப் புத்தகமாகிவிட்டது. அண்ணனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை.

அப்புறம்தான் எழுத்தின் அளவு. அண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு — வரி எங்கே முடிகிறதோ அங்கேதான் மூச்சு வாங்க வேண்டும். அவரவர் போனில் அவரவர் இஷ்டத்துக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் வரி கண்ட இடத்தில் ஒடியும். ஆளுக்கொரு இடத்தில் மூச்சு விட்டால் பாட்டு என்னத்துக்கு ஆகும்?

அதனால் ஷைனி இன்னொரு வரி எழுதினாள். போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருந்தாலும் இந்த ஆப் அதைக் கண்டுகொள்ளாது. முழுப்பாட்டும் ஒரே திரையில் அடங்கும். எல்லோருக்கும் ஒரே அளவு.

"எறும்பு ஊர்ந்த மாதிரில்லா இருக்கு," என்றார் ராஜாமணி அக்கா. ஆல்டோ வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர். ப்ளவுஸ் தைப்பவர். அவருடைய போனில் எழுத்தெல்லாம் பஸ் போர்டு மாதிரி இருக்கும்.

"பெருசு பண்ண முடியாது ஆன்ட்டி. ஆப் கேக்காது."

"எம் போனு நான் சொன்னாக் கேக்காதா? இது என்னட்டி அநியாயம்?"

அண்ணன் அசையவில்லை. "மூச்சுதான் முக்கியம், ராஜாமணி."

கடைசியாகப் பூட்டு. இதில் ஷைனி மெனக்கெடவே இல்லை. வங்கி ஆப்பில் போடுகிற அதே செட்டிங்குகளை அப்படியே கொண்டுவந்து போட்டுவிட்டாள். விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் கறுப்பாக வரும். பாட்டை யாருக்கும் ஃபார்வர்டு செய்ய முடியாது.

அண்ணன் தன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தார். கறுப்பு. இன்னொன்று எடுத்தார். அதுவும் கறுப்பு. அன்றைக்கு முழுவதும் எதிரே வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கறுப்புப் படங்களைப் பேரன் போட்டோ மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே ஒரு பய தொட முடியாது," என்றார்.

பயிற்சி மும்முரமாக நடந்தது. நடுவில் ராஜாமணி அக்கா மட்டும் ஒரு புகார் சொன்னார். தைக்கும்போது கேட்கலாம் என்று ஆடியோவைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் பாட்டு தானாக நின்றுவிடுகிறதாம். மறுபடியும் விரலை வை என்கிறதாம். நூலும் சாக்பீஸ் தூளும் பட்ட விரலை போன் லேசில் ஒப்புக்கொள்வதில்லையாம்.

"நெட் பிராப்ளமா இருக்கும் ஆன்ட்டி," என்றாள் ஷைனி.

"ஒன் போனு பழசு," என்றார் அண்ணன்.

நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். எங்களுக்கு யாருக்கும் அப்படி நிற்கவில்லையே? நின்றிருக்க வாய்ப்பே இல்லை — நாங்கள் யாரும் வீட்டில் அந்த ஆடியோவை முழுதாகக் கேட்டதில்லை.

அக்கா அப்புறம் புகார் சொல்லவில்லை. எழுத்தும் தெரியவில்லை, ஆடியோவும் ஓடவில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, என் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். என்னிடமிருந்து கற்றுக்கொண்டு அவர் எப்படிச் சரியாகப் பாடினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போட்டி நாள் வந்தது. மேடைக்குப் பின்னால் அண்ணன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "எல்லாரும் இப்பம் ஆப்பத் தொறங்க," என்றார். விரல் வைத்தோம். திறந்தது. மேடை ஏறினோம்.

பல்லவி அருமையாகப் போயிற்று. முதல் சரணம் அதைவிட அருமை. கீபோர்டு இழைந்தது. அண்ணனின் கைகள் காற்றில் மிதந்தன. இரண்டாவது சரணத்தின் பாதியில் முன்வரிசையில் ஒரு போன் இருண்டது. அடுத்தது இன்னொன்று. வெளிர்மஞ்சள் எல்லாம் வரிசையாக அணைந்து, ஒவ்வொரு திரையிலும் ஒரே வாசகம் — 'உங்கள் பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்டது.'

எல்லோரும் ஒன்றாகத் திறந்தோம் இல்லையா? ஒன்றாகவே பூட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். வங்கி ஆப்பை இரண்டு நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். போனை எங்காவது வைத்துவிட்டுப் போனால் பிறத்தியார் கணக்கைப் பார்க்கக் கூடாது அல்லவா? அந்த வரியும் மற்ற வரிகளோடு சேர்ந்து எங்கள் பாட்டுக்குள் வந்துவிட்டது. பாட்டு முழுவதும் ஒரே திரையில் அடங்கியதால், விரலால் தள்ளிப் படிக்க வேண்டிய அவசியமும் எங்களுக்கு இல்லை. யாரும் திரையைத் தொடவே இல்லை.

பயிற்சியில் ஏன் தெரியவில்லை? பயிற்சியில் அண்ணன் எங்களை இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பாட விட்டதே கிடையாது. ஒரு வரி பாடுவோம். "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்பார். எந்த வரி என்று போனில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். அந்தப் பாட்டை முதன்முதலாக நிற்காமல் பாடியதே அன்றைக்கு மேடையில்தான்.

வியர்த்த விரல்களைத் திரையில் தேய்த்தோம். போன் ஒப்புக்கொள்ளவில்லை. கீபோர்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஷைனியின் தோள்கள் குறுகிப் போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

அதற்கு நடுவில் ஒரே ஒரு குரல் பாடிக்கொண்டிருந்தது. ராஜாமணி அக்கா. அவருக்கு எதுவும் நின்றதாகவே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கம்பீரமாக ஆல்டோ.

ஆல்டோவைத் தனியாகக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காதீர்கள். மெட்டு இல்லாமல் அதைக் கேட்டால், எழுதியவருக்கே எந்தப் பாட்டு என்று தெரியாது.

எழுதியவருக்குத் தெரிந்தது. அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். மெட்டை அவரே பாடினார். கட்டையான குரல், மேலே போகும் இடத்தில் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. அவரும் அக்காவுமாக அந்தச் சரணத்தைக் கரை சேர்த்தார்கள். பல்லவி திரும்பி வந்தபோது அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது நினைவுக்கு வந்தது. போனைக் கீழே இறக்கிவிட்டுப் பாடினோம். கடைசிச் சரணத்தில் பாதி வார்த்தைகளை விழுங்கினோம். முடித்தோம்.

ஷைனியை மேடைக்குப் பின்னால் படிக்கட்டில் கண்டுபிடித்தேன். அழுதுகொண்டிருந்தாள். "என்னாலதான் சித்தி. டைம்அவுட் லைன நான் பாக்கவே இல்ல. ஸப் கராப் ஹோ கயா, எல்லாம் கெட்டுப்போச்சு."

அண்ணன் வந்தார். திட்டப் போகிறார் என்று நான் குறுக்கே நின்றேன். அவர் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"நான் பூட்டு கேட்டேன். நீ பூட்டு போட்ட. அதுல ஒம்மேல என்ன தப்பு?"

"இல்ல அங்கிள், நான் செக் பண்ணிருக்கணும்."

"ராஜாமணி சொன்னாள்லா, பாட்டு நிக்கின்னு? நானும்தான் கேக்கல. போ, மூஞ்சியக் கழுவிட்டு வா."

எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஒரே சட்டம் எழுதுவது சுலபம்தான். அது தனக்குச் சரிப்படவில்லை என்று ஒருத்தர் வந்து சொன்னால், நாம் சட்டத்தைப் பார்ப்பதில்லை. உன் போன் பழசு என்கிறோம்.

முடிவை அறிவித்தார்கள். தாராவிக்கு இரண்டாம் பரிசு. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம். நடுவராக வந்திருந்த இசை டீச்சர் அதைக் கொடுக்கும்போது, "பாதிப் பாட்டுவரை நீங்க எல்லாரும் போனைப் பார்த்துப் பாடினீங்க. அப்புறம்தான் எங்களைப் பார்த்தீங்க. முதல்லேர்ந்தே அப்படிப் பாடியிருக்கலாமே," என்றார். அண்ணன் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது தாராவிக் குழுவின் கீபோர்டுக்காரர் ஜெபராஜ் வந்தார். அவரும் ஆண்டாப் ஹில்காரர்தான். மரியாதையான பிள்ளை.

"அண்ணே, பாட்டு நல்லா இருந்துச்சு. அந்த ரெண்டாவது சரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அண்ணனின் கை பாதியில் நின்றது. "பிடிக்குமா? இன்னைக்குத்தான பாடுதோம். ஒனக்கு முன்னாலயே எப்பிடித் தெரியும்?"

"என்னண்ணே இப்பிடிக் கேக்கீய? தெனமும் காலைல பஸ்ல எனக்கு முன் சீட்டுலதான உக்காருதீய? தீபாவளிலேர்ந்து இதத்தான பாடிட்டு வாறீய."

"நானா?"

"ஆமாண்ணே. போன வருசமும் பாடினீய. நான் ஏதோ பழைய பாட்டுன்னு நெனச்சு எங்க குரூப்புக்கு வாசிச்சுக் காட்டிட்டேன்."

ராஜாமணி அக்கா டீயை ஒரு வாய் உறிஞ்சினார், சத்தமாக.

திரும்பி வரும்போது எல்லோருக்கும் ஒரே பஸ். மடியில் கடிகாரத்தோடு அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. "டைம்அவுட்ட எடுத்துர்றேன் அங்கிள், எழுத்தையும் பெருசாக்கிர்றேன்," என்று ஷைனி மெதுவாகச் சொன்னாள். "செய்யி," என்றார், அவ்வளவுதான்.

வடாலா தாண்டியது. ஜன்னல் வழியாகக் காற்று நன்றாக அடித்தது. அண்ணனின் விரல் கடிகாரக் கண்ணாடியில் தாளம் போட ஆரம்பித்தது. அப்புறம் மெல்ல ஒரு முனகல். கவனித்துக் கேட்டேன். புது மெட்டு. இதுவரை நாங்கள் கேட்காதது. நல்ல மெட்டு.

சொல்லலாமா என்று ராஜாமணி அக்காவைப் பார்த்தேன். "பேசாம இருட்டி. பாடிட்டுப் போட்டும்," என்றார்.

பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஜெபராஜ் கண்ணை மூடியிருந்தார். விரல்கள் மட்டும் முழங்காலின் மேல் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தன.

அடுத்த வருஷம் தாராவிக்காரர்கள் என்ன பாடப் போகிறார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.