சியாக்காப் தலை யாருக்கு?

இன்று கோலசிலாங்கூர் படகுத்துறையில் முதல் தடவையாகத் தூண்டில் போட்டேன்!

மகள் கடலில் விழுந்துவிடுவாளோ என்ற பயம். அவள் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, மறுமுனையை என் இடது கையில் முடிந்துகொண்டேன். வலது கையில் தூண்டிலின் தங்கூசி நூல்.

"பிள்ளைய வளக்கிறியா, ஆட்டுக்குட்டியையா?" என்று சிரித்தார் கணவர்.

திடீரென்று கையை எதுவோ வெடுக்கென்று இழுத்தது.

"ஐயோ, பிள்ள!" என்று அலறித் துண்டை இழுத்தேன். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவள் என் மடியில் வந்து விழுந்தாள்.

அவர் ஓடிவந்து தங்கூசியை இழுத்தார். முழங்கை நீளச் சியாக்காப் மீன்!

வீட்டுக்கு வந்ததும் புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். எங்கள் வீட்டில், மீன் பிடித்தவருக்குத்தான் தலை.

"இழுத்தது நாந்தான்லா!"

"கடிச்சது என் தூண்டிலத்தாங்க!"

மகள் தூங்கிவிட்டாள். தலை இன்னும் சட்டியில். யாருக்கென்று சீக்கிரம் சொல்லுங்கள், குழம்பு ஆறுகிறது.